நாற்பத்திரண்டாவது குரல்

"நெட்ல தேடினா எல்லாம் கிடைக்கும்னு சொல்றீங்களே கடைக்காரரே... செத்துப்போனவங்க கிடைப்பாங்களா?"

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அவள் வளர்த்த மீன் அன்று காலை செத்துப்போயிருந்தது. நான் மேசைக்கடியில் குனிந்து ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன். "முதல்ல இந்த ஸ்க்ரூ கிடைக்குதான்னு பார்ப்போம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

இனி நான் எழுதப்போவது நடந்தது. நான் பொய்யே சொல்லாதவன் என்று சொல்லமாட்டேன். இதற்குள்ளேயே நான் சொன்ன பொய் ஒன்று வருகிறது. அதனால்தான் நேரம் உட்பட எதையும் மாற்றாமல் எழுதுகிறேன். பேய் நள்ளிரவில் வரும் என்பார்கள். எனக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே நல்ல வெயில்.

என் தொழில், அழிந்துபோனவற்றை மீட்டுக் கொடுப்பது. உடைந்த போன், தண்ணீரில் விழுந்த லேப்டாப், தவறி அழித்த புகைப்படங்கள்... எல்லாம் என் கடைக்கு வரும். பள்ளி விட்டதும் மகள் நேராகக் கடைக்கு வந்து கவுண்டருக்கு வெளியே நின்று பேரம் பேசுவாள். "கடைக்காரரே, பசிக்கு ஏதாவது ரிப்பேர் பண்ணுவீங்களா?" அந்த விளையாட்டு அப்படியே நிலைத்துவிட்டது. என்னை அவள் 'அப்பா' என்று கூப்பிட்டதே இல்லை.

பதினோராம் வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். பத்தாம் நாள் நாங்கள் இருவராக வீடு திரும்பினோம்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய பழைய போனை ஓர் ஏழைக் குழந்தைக்குக் கொடுக்க நினைத்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் போன் வெளியே போனாலும், இனி யாராலும் மீட்க முடியாதபடி மூன்று முறை துடைத்துவிட்டுத்தான் கொடுப்பேன். பதினாறு வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது. மூன்றாவது முறையும் முடிந்து திரை வெளுத்தபோதுதான் உறைத்தது... அவள் எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் முழுக்க அதில்தான் இருந்தன. என் போனிலோ, முப்பது நாளில் எல்லாம் தானாக அழியும்படி நானே வைத்திருந்தேன். அந்தச் செய்திகள் போய்வந்த செயலியையும் அதற்குள் மூடிவிட்டார்கள்.

ஊரார் குரலையெல்லாம் மீட்டவன், என் பிள்ளையின் குரலை என் கையாலேயே அழித்தேன்.

ஏழாம் மாதம் என் மனைவி கேட்டாள். "ஏங்க, அவ குரலை ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

"போன்ல சின்னக் கோளாறு. மீட்டுட்டு இருக்கேன்" என்றேன். அதுதான் அந்தப் பொய்.

அவள் நம்பினாள். வாரத்துக்கு ஒருமுறை, வற்புறுத்தாமல், "ஆச்சா?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒற்றைச் சொல் என்னைத் தின்றது.

என் மனைவியின் தம்பி ஒரு பெரிய கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்பவன். அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் சொன்னான்:

"மாமா, மூடின கம்பெனிங்க டேட்டாவை எவனாவது திருடி வச்சிருப்பான். சாதாரணமா தேடினா வராது. டீப் வெப்ல, அதுலயும் அடியில இருக்கும். ஆனா நீங்க போகாதீங்க."

"பேங்க், ஆஸ்பத்திரி ரெக்கார்டுகூட டீப் வெப்தானே மாப்ளே? அதுல என்ன பயம்?"

"அது பூட்டின வீடு. நான் சொல்றது கதவே இல்லாத வீடு. யார் உள்ள இருக்கான்னே தெரியாது. சும்மா எட்டிப் பார்க்கிறேன்னு போனவங்கதான் மாட்டியிருக்காங்க. எதைக் கேட்டாலும் கொடுக்காதீங்க. பேரு, நம்பர், ஒண்ணும்."

"நான் என்ன சின்னப் பையனா?"

"பிள்ளையை இழந்தவங்க மாமா நீங்க. சின்னப் பையனைவிட ஈஸியா ஏமாத்திடலாம்."

கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு, கடைக்கு விடுமுறை. மதியம் 2:10. ஷட்டரைப் பாதி இறக்கினேன். வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் கண்மூடிக் கடவுளை நினைப்பது என் வழக்கம். அன்று நினைக்கவில்லை. தப்பு செய்யப்போகிறோம் என்று மனதுக்குத் தெரிந்தால் கடவுள் முன் நிற்கக் கூசுகிறது.

எச்சரிக்கையாகத்தான் தொடங்கினேன். ஒரு பழைய லேப்டாப். கேமராவையும் மைக்கையும் முன்பே கழற்றி வைத்திருந்தேன். என் போனை அணைத்து, இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். அதற்கென்றே உள்ள தனி பிரவுசரில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கமாக இறங்கினேன். விற்பனைக்கு வைத்த கடவுச்சொற்கள், திருட்டு அட்டைகள், பார்க்கக் கூடாத படங்களின் தலைப்புகள்... தாண்டிப் போனேன்.

2:52. அந்தச் செயலியின் பெயரில் ஒரு பக்கம் கிடைத்தது. கறுப்புப் பின்னணி. ஆங்கிலத்தில் நான்கு வரி. தேடுவதற்கு ஒரு பெட்டி.

பெட்டிக்கு மேலே மட்டும் தமிழில் எழுதியிருந்தது.

'யாரைத் தேடுகிறீர்கள்?'

தமிழ் ஏன் அங்கே வந்தது என்று யோசித்திருக்க வேண்டும். மகளின் பழைய எண்ணைத் தட்டினேன்.

நாற்பத்தொரு குரல் செய்திகள். வரிசையாக. தேதியோடு.

முதலாவதைத் தொட்டேன்.

"அப்பா... சாப்டீங்களா?"

அவள் குரல். அவளேதான். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுத்தது... அதற்கடுத்தது... "அப்பா, எப்ப வருவீங்க?" "அப்பா, அம்மா திட்டுறாங்க."

பத்தாவதில் ஏதோ இடறியது.

அப்பா?

கடைசிச் செய்தியின் தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதி. நேரம், 3:05.

சுவர்க் கடிகாரத்தில் மணி 3:06.

அதைத் தொட்டேன். முதலில் பேச்சு இல்லை. ஒரு சத்தம் மட்டும். டிக்... டிக்... டிக்... என் தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியின் சத்தம். அதை நான் மாட்டியது போன செவ்வாய்க்கிழமை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண் அழுதுகொண்டிருந்தான்.

நான்தான்.

"நீ... நீ என்னை அப்பான்னு கூப்பிட மாட்டியேம்மா" என்று வாய்விட்டு முணுமுணுத்தேன்.

ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது. நான் எதையும் தொடவில்லை.

"கடைக்காரரே."

மைக் இல்லாத லேப்டாப் அது. கழற்றிய மைக் எதிரே டப்பாவில் கிடந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பயத்தைவிட அந்தக் குரல் பெரிதாக இருந்தது. யார் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, இந்தக் குரலை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற அளவுக்கு மனம் கெட்டிருந்தது.

3:11. திரையில் ஒரு புதிய வரி.

'நாற்பத்தொன்றையும் எடுத்துச் செல்லலாம். பதிலுக்கு, உயிரோடு இருக்கும் ஒருவரின் எண்.'

கீழே ஒரு பெட்டி.

கொடுக்கக் கூடாது என்று தெரியும். மாப்பிள்ளை சொன்னது காதில் இருந்தது. ஆனால் கூரியர், உதிரிபாகம் என்று தினம் பத்துப் படிவம் நிரப்புகிறவன் நான். நான் வேலையில் போனை எடுக்கமாட்டேன் என்பதால், எண் கேட்கும் எந்தப் பெட்டியிலும் என் மனைவியின் எண்ணையே போடுவேன்.

விரல்கள் தட்டி முடித்திருந்தன.

'குரல் சரிபார்க்கப்படுகிறது...'

ஸ்பீக்கரில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். பாத்திரம் உரசும் சத்தம். தனக்குள் ஏதோ முனகும் ஒரு பெண் குரல்.

என் மனைவி. இப்போது. எங்கள் சமையலறையில்.

அழித்துப் பார்த்தேன். எண் அழியவில்லை. கீழே 'சரி' என்று ஒரு பொத்தான் முளைத்தது. அம்புக்குறி தானாக அதை நோக்கி நகர்ந்தது. மெதுவாக...

"கடைக்காரரே, அழுத்துங்க."

இன்னும் அருகே...

"அழுத்துங்கப்பா."

அப்போதுதான் பட்டியல் ஒரு வரி நீண்டது. நாற்பத்திரண்டு. வேறு எண். தொடாமலே ஒலித்தது. ஓர் இளம் பெண்ணின் குரல். பதற்றமே இல்லை.

"சார், நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அது உங்க பொண்ணு இல்ல. பேட்டரியைக் கழட்டுங்க. இப்பவே சார்."

"போகாதீங்கப்பா..." என்று மற்ற குரல் விம்மியது. அந்த விம்மலை நான் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன்.

"கேக்காதீங்க சார். கழட்டுங்க."

கழற்றினேன்.

திரை இருண்டது. மணி 3:17.

இருண்ட பிறகும் விம்மல் கேட்டது.

ஒரு நொடி...

இரண்டு நொடி...

நின்றது.

வீட்டுக்கு ஓடினேன். மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வாயசைத்தாள். காற்றுத்தான் வந்தது. கொஞ்சம் வெந்நீர் குடித்த பிறகு, கரகரத்த குரலில், "என்னன்னு தெரியலைங்க. மூணேகால் மணியிலேர்ந்து தொண்டையை யாரோ பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் காலடியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போனைத் துடைத்தது, மறைத்தது, எல்லாம்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்" என்றாள். "பொய் சொல்றப்ப நீங்க கண்ணாடியைக் கழட்டித் துடைப்பீங்க. ஒவ்வொரு வாரமும் துடைச்சீங்க."

"தெரிஞ்சும் ஏன் கேட்டே?"

"என்னைக்காவது சொல்லிட்டு என்கூட சேர்ந்து அழுவீங்கன்னு."

அன்று சேர்ந்து அழுதோம். மறுநாள் அவள் குரல் திரும்பியது. மகளின் குரல் திரும்பவில்லை. இனி திரும்பாது.

அந்த நாற்பத்திரண்டாவது எண் என் மனதில் அப்படியே பதிந்திருந்தது. புதன்கிழமை காலை என் போனிலிருந்து அழைத்தேன். வயதான ஒரு பெண் எடுத்தார்.

"மறுபடியும் இந்த நம்பரா? அன்னைக்கு அந்தக் குழந்தை ஏன் சட்டுன்னு வச்சிடுச்சு?"

"எந்தக் குழந்தைம்மா?"

"ஞாயித்துக்கிழமை இதே நம்பர்லேர்ந்துதானே பேசிச்சு? மூணு மணி இருக்கும். சின்னப் பொண்ணு. 'ஆன்ட்டி, அக்காவைக் கூப்பிடுங்க, எங்க அப்பாவுக்கு ஆபத்து'ன்னு."

அந்த நேரம் என் போன் அணைந்து இழுப்பறைக்குள் கிடந்தது.

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? என் பொண்ணு ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலையில இருந்தா. அவளைத் தேடி இன்னும் யாராவது கூப்பிடுவாங்க. அதனாலதான் அவ நம்பரை விடாம வச்சிருக்கேன். அவ தவறிப்போய் மூணு வருஷம் ஆச்சும்மா, இங்க இல்லைன்னு சொன்னேன்."

"அதுக்கு அந்தக் குழந்தை, 'பரவாயில்ல ஆன்ட்டி, கிடைச்சிட்டாங்க, இங்கதான் இருக்காங்க'ன்னு சொல்லிட்டு வச்சிடுச்சு. யாரு தம்பி அது?"

"என் மக" என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது? நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டு, முகவரியை வாங்கிக்கொண்டேன்.

"வாங்களேன். ஆனா இருட்டுறதுக்கு முன்னாடி வாங்க. மாடிப்படி லைட்டு எரிஞ்சே பல மாசம் ஆச்சு. நானே சுவத்தைத் தடவித்தான் ஏறுறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், சாயங்காலம் டாக்டரைப் பார்க்கப் போயிடுவேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலமே போனேன்.

மேல் வீடு பூட்டியிருந்தது. படிக்கட்டில் பல்பு மட்டுமல்ல, ஹோல்டரும் கருகியிருந்தது. இரண்டையும் மாற்றினேன். தளர்ந்திருந்த ஒயரை முடுக்கினேன். கைப்பிடிக் கம்பி ஓரிடத்தில் ஆடியது. அதற்கும் நான்கு ஸ்க்ரூ போட்டேன். கீழே விழுந்த சுண்ணாம்புத் தூளைக் கைக்குட்டையால் துடைத்து எடுத்தேன். பிறகு கண்மூடி ஒரு நிமிடம் நின்றேன்.

சுவிட்சைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினேன். நல்ல வெளிச்சம். அந்த அம்மா தடவாமல் ஏறலாம்.