எனக்காக வாசித்தவர்

சனிக்கிழமை பின்னேரங்களில் நான் படிப்பிக்கும் சுன்னாகத்துப் பாலர் பாடசாலையில் பெண்கள் நாங்கள் கூடுவோம். சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். வாரம் ஒருவர் தம் சமய நூலிலிருந்து வாசிக்க, மற்றவர்கள் அதைப் பற்றிக் கதைப்போம். குருநகரில் மீன் விற்கும் கத்தோலிக்கப் பெண் ஒருவரும் வருவார். வெயிலில் கறுத்த, மெலிந்த முகம். சந்தை முடிந்து குளித்த ஈரத்தலையோடு பஸ் ஏறி வந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தன் முறை வந்தால் அடுத்தவருக்கு விட்டுவிடுவார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"என்ரை மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலையிருந்து நான் செபிக்கிறேல்லை, ரீச்சர். செபிக்கிறவைக்குப் பக்கத்திலை இருந்தாலே எனக்குக் காணும்."

என் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் ஒரு சனிக்கிழமை, தேவாரம் வாசிக்க என் முறை வந்தது. பல நாள் நித்திரையில்லை. இரண்டு வரிக்குமேல் குரல் எழவில்லை. அவர் எழுந்து வந்து, புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பதிகம் முழுவதையும் வாசித்தார்.

வெளியே வந்ததும், "செபிக்கிறேல்லை எண்டனீங்களே?" என்றேன்.

"எனக்கெண்டு செபிக்கேல்லையே. நீங்கள் களைச்சுப் போனியள், வாசிச்சன்" என்றபடி பஸ்ஸுக்கு நடந்தார்.

தங்கை பிழைக்கவில்லை. பிறகு பல வாரம் நானும் அந்தக் கூட்டத்தில் என் முறையை அடுத்தவருக்கு விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.  அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். கடவுளோடு அவருக்கு இன்னும் கோபமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை.