பச்சின்கோவுக்குப் பூசிய சந்தனம்

பரமநாதன் அண்ணை கஷ்டப்பட்டுச் செத்துப்போனார் என்று, செத்தவீட்டுக்கு வந்த நீங்கள் ஒருவரும் நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டு நின்றபோது அவருடைய மகள் போன் எடுத்தாள். "மாமி, அப்பா நித்திரையிலேயே போயிட்டார். முகம் சிரிச்ச மாதிரிக் கிடக்கு," என்றாள். அழுதேன்தான். ஆனாலும் முருகன் அவரை வதைக்காமல் எடுத்தானே என்று நெஞ்சு ஆறியது.

இங்கே ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் எங்கள் வீட்டு மேல்மாடியில் அவர் குடியிருந்த காலத்தில்தான் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். "இப்பிடியே கிடந்தால் ஆள் எழும்பவே மாட்டார்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கும்பிடாத தெய்வமில்லை.

ஒரு ஞாயிறு, அண்ணை பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலிலிருந்து அலமாரிக் கதவளவு பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். பச்சின்கோவாம், ஜப்பான்காரர் விளையாடுவது. இரும்புக் குண்டை இடக்கையால் துளைக்குள் போட்டு, வலக்கையால் பிடியைத் தட்டினால், அது கண்ணாடிக்குப் பின்னால் ஆணிகளில் மோதி மோதி விழும். சரியான வாய்க்குள் விழுந்தால் மணி அடித்துக் கைநிறையக் குண்டு தரும்.

"அண்ணை, இது சூது எல்லோ! சாமிப் படத்துக்கு முன்னாலை வைக்கேலாது."

"காசு போட்டால்தான் சூது, தங்கச்சி. இது குண்டு போடுறது. வேணுமெண்டால் பிள்ளையாரை மற்றப் பக்கம் திருப்பி வையும்."

அந்தப் பெட்டியைப் பார்க்க இவர், என் கணவர், எழுந்து உட்கார்ந்தார். ஆனால் குண்டு போட இடக்கை இல்லையே. நான் போட்டுக் கொடுத்தேன். நாலாவது குண்டோடு, "நீ போடுறதெண்டால் நீயே விளையாடு," என்று மறுபடி படுத்துவிட்டார்.

"குண்டு தானாய் வரவேணும்," என்றார் அண்ணை. ஊரில் ஐஸ் கொம்பனி மெக்கானிக்; இங்கே பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட். வேலை முடிந்து வந்து, பெட்டியின் மேல் பிஸ்கட் டின்னை வைத்துக் குண்டுகளை நிரப்பினார். அதிலிருந்து துளைவரை கர்ட்டன் தண்டவாளம் ஒன்று சரிவாக; அதன் முடிவில் சின்னத் தகரக் கதவு. பிடியைத் தட்டும்போது கம்பி இழுத்துக் கதவு திறந்து ஒரே ஒரு குண்டு உள்ளே போக வேண்டும். முதலில் ஐந்தாறு சேர்ந்து கொட்டின. "பஸ்ஸுக்கு நிக்கிற சனம் மாதிரி இடிக்குதுகள்," என்று குண்டுகளைத் திட்டினார். கதவை அராவி அராவி ஒரு மாதத்தில் சரிப்படுத்தினார். பிறகு இவர் காலையில் தானாக எழுந்து கதிரையில் உட்காரத் தொடங்கினார்.

சரஸ்வதி பூசை வந்தது. கத்திக்கும் தையல் மெஷினுக்கும் சந்தனம் வைத்த நான், இவரை எழுப்பிய மெஷினை விடுவேனா? தண்டவாளத்தின் உள்ளும் புறமும் பூசிக் குங்குமமும் வைத்தேன். காய்ந்ததும் ஒரு குண்டும் அசையவில்லை. "அதுவும் போச்சு," என்று இவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். ஈரத்துணியால் வெளியே தெரிந்த சந்தனத்தை மட்டும் துடைத்துவிட்டு அண்ணையைக் கூப்பிட்டேன்.

"என்ன நடந்தது?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

பூசை நாளில் பொய்!

"அப்ப என்ரை வேலையிலைதான் பிழை," என்று எல்லாவற்றையும் கழற்றினார். மூன்றாம் நாள் குண்டு ஓடியது. இவரும் எழும்பினார். அண்ணையின் செத்தவீட்டுக்குத் தடியூன்றித் தன் காலில் நடந்து வந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

அண்ணை அடிக்கடி சொல்வார்: "அடைச்சால் மெஷினைத் திட்டாதையும். எங்கை நிக்குதெண்டு பாரும்." அந்தச் சொல்லும் பிஸ்கட் டின்னும் என்னிடம் இருக்கின்றன. அன்று சொன்னது பொய் என்பதை மட்டும் அவரிடம் சொல்லாமலே விட்டேனே என்று செத்தவீட்டில் மனம் குறுகி நின்றேன்.

பொறுங்கள், இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அதன்பிறகு வந்த ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் முதல்நாள் பின்னேரம் அண்ணை கீழே வந்து, "எண்ணெய் போடவேணும், தங்கச்சி," என்று அந்தத் தண்டவாளத்தைக் கழற்றி மேலே கொண்டுபோவார். பூசை முடிந்த பிறகுதான் திரும்பக் கொண்டுவந்து பூட்டுவார்.