மூன்று மாதத்து நுரையீரல்

கரமனை அக்கிரகாரத்தில் முப்பது வருஷமாகப் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேர் பிச்சம்மாளின் கால்களில் கிடந்து குளித்தவர்கள். பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். குளிப்பாட்டித் துவட்டியதும் கனலில் சாம்பிராணி தூவி, மேலே பிரம்புக்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்துவாள். அவளுக்கு வயது அறுபது. எட்டு வருஷமாக இருமல். குளிப்பாட்ட வருகிறவளின் இருமலை யார் விசாரிப்பார்கள்?

அன்று குளிப்பாட்டப் போன வீட்டில் ஸ்ரீலக்ஷ்மியின் மூன்று மாதப் பெண் ஜானவிக்கு இரண்டு நாள் சளி. சளி என்றால் புகையைக் கூட்டு என்பது அந்தத் தெருவின் வைத்தியம். ஸ்ரீலக்ஷ்மியின் கணவன் சேஷன், கழக்கூட்டத்தில் மென்பொருள் எழுதுகிறவன், தானே ஜன்னலைச் சாத்தினான். இன்னொரு பிடி போடச் சொன்னான். பிச்சம்மாள் போட்டாள்.

அறை வெளுத்தது. குழந்தை அழவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் நடுவே தோல் குழிந்தது. வாரி எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் காட்டு. சளி இளகட்டும்" என்றான் சேஷன்.

"பிள்ளைக்கு நெஞ்சு குழியுது சாமி. பொக போதும். ஆஸ்பத்திரிக்கு வண்டி விளியுங்க."

கிள்ளிப்பாலம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

டாக்டர் ஸ்நேகா ஆக்ஸிஜன் வைத்தாள். ரத்தத்தில் அதன் அளவு எண்பத்தாறு சதவீதம்தான். துணியில் வீசிய வாசனையை வைத்து, யார் புகை போட்டது என்று கேட்டாள். சேஷன் பிச்சம்மாளைக் காட்டினான். அவள் மறுக்கவில்லை.

"ஜன்னலைச் சாத்தினது யாரு?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

டாக்டர் விளக்கினாள். கண்ணுக்குத் தெரிகிற புகையைவிடத் தெரியாத நுண்துகள்தான் ஆழம்வரை போகும். பச்சைக் குழந்தை நிமிஷத்துக்கு நாற்பது தரம் மூச்சு விடும், குழாய்கள் குறுகல், காற்றறைகள் இன்னும் உருவாகிக்கொண்டே இருக்கும். வளர வேண்டிய இடத்தில் துகள் போய் ஒட்டும். பிறகு பிச்சம்மாளின் முதுகிலும் குழல் வைத்துக் கேட்டாள். வயதானால் உள்ளே போனதை வெளியே தள்ளும் சக்தி குறையும், முப்பது வருஷப் புகையில் வெளியேறியது போகத் தங்கியதுதான் இந்த இருமல் என்றாள்.

சாயங்காலம் அளவு தொண்ணூற்று நாலுக்கு ஏறியது. குழந்தை பசித்து அழுதது.

நாலாம் நாள் ஜானவி வீடு திரும்பினாள். தெருவில் பரவியதோ பிச்சம்மாளின் கைராசி கெட்ட கதை. சேஷன் கிளப்பியது. கணினி படித்தவனுக்குக் குற்றத்தைச் சுமக்க ஒரு கூலிக்காரி தேவைப்பட்டாள். இரண்டு வீடுகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன.

மூன்றாவது வீட்டில் இருபது நாள் ஆண் குழந்தை. அவள் போகும்போதே கனல் தயாராக இருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் கொட்டினாள். வீட்டுக்காரம்மாள் திகைத்து நிற்க, ஜன்னலைத் திறந்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"பிள்ளையத் தாங்கம்மா. இல்லன்னா இப்பவே போறேன்."

அந்த அம்மாள் அணைந்த கரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள்.