ஆமென் வாங்கிய வீடியோ

பிரேசர் டவுன் பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசும் டோரதிக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது.

தட்டம்மை ஊசி போட்டால் குழந்தைக்குப் பேச்சே வராது என்று மிரட்டும் வீடியோ ஒன்றை அவள் கணவர் ரெமிஜியஸ் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஜெபமாலை அறிவிப்புக்குப் போடும் பழக்கத்தில் எல்லாரும் அதற்கும் ‘ஆமென்’ போட்டார்கள்.

மறுநாளே டோரதி ஒன்றரை வயது மகள் ஜூலியாவுக்கு அந்த ஊசியைப் போடவைத்தாள். குழந்தை “மம்மி!” என்று வீறிட்டதை வீடியோ எடுத்து அதே குரூப்பில் போட்டாள்.

“என் மானத்த வாங்கிட்டியேடி!” என்று குதித்தார் ரெமிஜியஸ்.

டோரதி போனை எடுத்து, குரூப்பே கேட்கும்படி வாய்ஸ் மெசேஜில் கேட்டாள்: “போன மாசம் நாய் கடிச்சதும் விழுந்தடிச்சு ஓடி ஊசி போட்டுக்கிட்டீங்களே, அன்னைக்கு எந்த வீடியோவப் பாத்தீங்க?”

முதல் ஆமென் ரெமிஜியஸைப் பெற்றவளிடமிருந்து வந்தது.