அக்கா போட்ட ரோம் திட்டம்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஜனவரி பிறந்ததும் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டிவிடுவார்கள். கோடையில் யார் எந்த வாரம் விடுமுறை எடுக்கப் போகிறார்கள், எங்கே போகப் போகிறார்கள் என்று அதில் எழுத வேண்டும். வெளியே எதிரே வருகிறவர் தெரியாத அளவுக்கு மூடுபனி இருக்கும். கையுறையைக் கழற்றாமல் காப்பி குடித்துக்கொண்டே எல்லோரும் ஆகஸ்டு மாதத்துக் கடற்கரையைப் பற்றிப் பேசுவார்கள். இது வடக்கு இத்தாலியில் தரை ஓடு செய்கிற ஒரு சிற்றூர். சூளையிலிருந்து வரும் ஓடுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, எடை போட்டு, உடைத்துப் பார்க்கிற பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ஒன்பது வருடமாக அந்தத் தாளில் என் பெயருக்கு நேரே இந்தியா என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இந்த வருடம் பக்கத்து மேசை லூச்சியா அதைப் பார்த்துவிட்டு, "விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்றுதான் கேட்கிறார்கள்" என்றாள். ஊருக்கு என்றேன். ஊர் என்பதற்கு அவள் மொழியில் எனக்குத் தெரிந்தது காஸா என்கிற சொல்தான். அதற்கு வீடு என்று பொருள். வீட்டுக்குள்ளேயே இருக்கப் போகிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டு, மிகவும் இரக்கத்தோடு, "ரோமையாவது பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பரிசோதனைக்கூடத்தில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்துக்குப் பேசும்போது இதை ஒரு வேடிக்கையாகத்தான் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒம்போது வருசமா அங்க இருக்குற. இன்னும் ரோம் பாக்கலியா? எவ்ளோ தூரம்?"

"ரயில்ல மூணு மணி நேரம்க்கா."

"இங்கேருந்து மெட்ராஸ் போற நேரங்கூட இல்லியேடி. நான் வரேன். ரெண்டு பேருமாப் போயிப் பாப்போம்."

என் அக்கா கலைச்செல்விக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அவளும்தான் வீட்டில். பீங்கான் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில், எந்தச் சரக்கு எத்தனை மணிக்குச் சூளைக்குள் போக வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் பொறுப்பு. உள்ளூரிலேயே செராமிக் டிப்ளமா படித்துவிட்டு நான் குஜராத்தில் ஐந்து வருடம் இருந்ததும், அங்கிருந்து இங்கே வந்ததும் அவள் இருக்கிற தைரியத்தில்தான். கிளம்பும்போது மூன்று வருட ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது முடிந்து இன்னொரு மூன்று, அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கின. கம்பெனி நோட்டின் கோடு போட்ட பக்கத்தில், சூளைக்குப் போடுவது போலவே கட்டம் கட்டி ரோம் நகருக்கு அட்டவணை போட்டிருந்தாள். மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணிக்கு ஒரு கட்டம். யூடியூபில் ஊர் சுற்றுகிறவர்கள் போடும் வீடியோக்களை மதிய இடைவேளையில் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். கொலோசியத்திலிருந்து பாந்தியோன் கோயிலுக்கு நடக்க எத்தனை நிமிடம், அந்தத் தெருவில் எந்தப் பக்கம் நிழல் விழும், இலவசத் தண்ணீர்க் குழாய் எந்த முனையில் இருக்கிறது, கழிப்பறை எங்கே, எல்லாம் அதில் இருந்தன. இரண்டாம் நாள் பத்து மணிக்கு நேராக "சும்மா உக்காருதல்" என்று ஒரு கட்டம். அது எதற்கு என்று கேட்டேன். "நீ எப்பப் பாத்தாலும் ஓடிக்கினே இருக்க. அந்த நேரத்துல ஒக்காந்து பேசுவோம்" என்றாள்.

அந்தக் கட்டம் எனக்கும் வேண்டியிருந்தது. அடுத்த வருடத்தோடு இந்த நாட்டில் எனக்குப் பத்து வருடம் முடிகிறது. அதன் பிறகு குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதை ஒரு வருடமாக மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல் வெளியே வந்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பேச்சைத் தொலைபேசியில் எடுக்க முடியாது. குக்கர் சத்தத்துக்கும் "சாப்பிட்டியா"வுக்கும் நடுவில் இதற்கு இடம் கிடைக்காது. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் கோயிலுக்குப் போக வேண்டுமானால் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். இங்கே இடிந்த மண்டபத்தைப் பார்ப்பதற்கும் மாதக்கணக்கில் முன்னாலேயே நாளும் நேரமும் குறித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் மேலே போகாது. எனக்கு அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் ஏறிவிட்டதால் இங்கே எல்லோருக்கும் நான் கோவிந்தசாமி. அக்காவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். அதனால் இரண்டு கட்டத்திலும் அதையே போட்டேன். கலைச்செல்வி கலைச்செல்வி என்று டிக்கெட் வந்தது. மாற்றவோ திருப்பிக் கொடுக்கவோ முடியாது என்று கீழே அச்சிட்டிருந்தது.

ஏப்ரலில் அக்கா சென்னைக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தாள். நான் அனுப்பிய அழைப்புக் கடிதம், கம்பெனியில் கொடுத்த விடுப்புக் கடிதம், வீட்டுப் பத்திர நகல், எல்லாம் வைத்தாள். கூடவே அந்த மூன்று நாள் அட்டவணையையும் ஆங்கிலத்தில் டைப் செய்து வைத்திருக்கிறாள். இருபது நாள் கழித்துப் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே ஒரு தாள். வரிசையாகக் காரணங்கள் அச்சிட்டு, ஒன்றுக்கு நேராக மட்டும் குறி போட்டிருந்தார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பி, என்ன என்று படித்துச் சொல்லச் சொன்னாள். விசாக் காலம் முடிவதற்குள் நீங்கள் நாட்டைவிட்டுத் திரும்பிப் போவீர்கள் என்று உறுதி செய்ய முடியவில்லை. அதுதான் வாசகம்.

"திரும்பி வராம நான் எங்கடி போவப் போறேன்?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்னாவாம்?"

"நான் அங்கியே தங்கிருவேன்னு சந்தேகமாம்மா."

அம்மா போனுக்குப் பக்கத்தில் வருவது கேட்டது. பிறகு, "அன்னிக்கு இவள மட்டும் எப்பிடி வுட்டாங்க?" என்றாள்.

குத்திக் காட்டுகிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. தெரியாததைக் கேட்டாள். ஒன்பது வருடத்துக்கு முன் நானும் ஒரு படிவத்தில், ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி முத்திரை குத்தினார்கள். எழுதும்போது நானும் அதை நம்பித்தான் எழுதினேன். நெட் சரியில்லை என்று பேச்சை முடித்துக்கொண்டேன்.

மேல்முறையீடு செய்யலாமா என்று விசாரித்ததில் அந்த விடுமுறைக்குள் முடியாது என்று தெரிந்தது. ரோம் போவதை நிறுத்திவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு மாசம் ஒக்காந்து போட்ட அட்டவண. ஒரு லோடு சரக்கு வரலேங்குறதுக்காக சூளையவே அணைப்பாங்களா? நீ போ. போயி, அதுல இருக்குறபடி பாத்துட்டு வா" என்றாள். ஜூன் மாதம், அவள் வருவதாக இருந்த அதே நாளில், அவள் எழுதிய பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு நான் மட்டும் ரயில் ஏறினேன்.

கொலோசியம் வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்த காவலர், "இன்னொருவர் எங்கே? கலைச்செல்வி... கலைச்செல்வி?" என்று இரண்டு முறையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "என் அக்காவை வரவிடவில்லை" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "இந்தக் காலத்திலுமா? கணவரா?" என்று கேட்டார். கணவர் இல்லை, உங்கள் அரசாங்கம்தான் என்று சொல்வதற்கு எனக்கு இத்தாலி மொழி போதும். ஆனால் பின்னால் ஐம்பது பேர் வெயிலில் நின்றார்கள். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நெஞ்சில் கைவைத்து, "சகோதரியிடம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்" என்றார். உள்ளே போய் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். விசா மறுத்ததிலிருந்து கேட்காத சிரிப்பு அன்று கேட்டது. "அடிப்பாவி, இல்லாத புருசன் மேல பழியப் போட்டுட்டு வந்துட்டியா!" என்றாள்.

அவள் சொன்ன பக்கம் நிழல் இருந்தது. அவள் சொன்ன முனையில் குழாய் இருந்தது. சொந்தமாக வழி தேட வேண்டிய வேலை எனக்கு வரவில்லை. இந்த நாட்டில் வரி கட்டுகிறவள் நான், ஆனால் அந்த நகரத்தில் எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று விருத்தாசலத்தில் இருக்கிறவளுக்குத்தான் தெரிந்திருந்தது. இரண்டாம் நாள் காலையில் பாந்தியோன் கோயிலுக்குள் போனேன். பெரிய வட்டமான கூரை, நடுவில் திறந்த ஓட்டை. அக்கா அதைப் பார்க்கத்தான் மிகவும் ஆசைப்பட்டாள். கம்பெனியில் பழைய உருண்டைச் சூளையின் கூரை அப்படித்தான் இருக்கும் என்பாள். மழைத் தண்ணீர் உள்ளே விழுந்தால் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கட்டத்தில் குறித்திருந்தாள். அங்கே நின்ற ஊழியரிடம் "தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டேன். அவர் வாசலைக் காட்டி, சதுக்கத்தில் குடிநீர் இருக்கிறது என்றார். மறுபடியும் கேட்டேன். இந்த முறை கழிப்பறைக்கு வழி சொன்னார். கடைசியில் நானே குனிந்து தேடி, தரைக் கல்லில் சின்னச் சின்னத் துளைகள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். வீடியோவில் காட்டியபோது அக்கா, "தரையில வாட்டம் குடுத்துருக்கான் பாரு" என்றாள். எனக்கு அது தெரியவில்லை. அவள் சொன்ன பிறகுதான் தரை லேசாகச் சரிந்திருப்பது கண்ணில் பட்டது.

பத்து மணிக்கு வெளியே வந்து, சதுக்கத்தில் இருந்த ஒரு கல் படியில் உட்கார்ந்தேன். அக்கா இன்னும் போனில் இருந்தாள்; ஊரில் அப்போது மதியம் ஒன்றரை மணி. அம்மா சாப்பிட்டுப் படுத்துவிட்டாள் என்றாள் அக்கா. "இப்ப சும்மா ஒக்காரணும். அதான் இருக்குது" என்றாள். உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பிறகு சொன்னேன். குடியுரிமை, பத்து வருடம், பாஸ்போர்ட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

எதிரில் ஒருவர் புறாவுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். போனில் எங்கள் வீட்டு ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நீ இங்க வரத்துக்கு விசா வாங்கணுமா?"

"ஏதாவது ஒரு அட்டை வாங்கணும்க்கா."

"குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"இங்கியே தங்கிருவேன்னு சந்தேகப்பட மாட்டாங்களா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. "மாட்டாங்க" என்றேன்.

"ரேசன் கார்டுல ஒன் பேரு இன்னும் இருக்குது. நான் எடுக்கல" என்றாள் அக்கா. "அத எடுக்கணுமா?"

"எடுக்கணும்க்கா."

"சரி. அம்மாகிட்ட இப்பச் சொல்லாத. நேர்ல வரும்போது நீயே சொல்லிக்க. எனக்கு மட்டும் ஏன் போன்ல சொன்ன?" என்றாள்.

"ஒன்கிட்ட நேர்ல சொல்லத்தான் இருந்தேன். அதுக்குத்தான் நீ வரணும்னு நெனச்சேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவளே, "பத்தரைக்கு அடுத்த எடம் போவணும். எந்திரி" என்றாள். நான் எழுந்தேன். அதன் பிறகு அன்று அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அட்டவணையில் இருந்த எல்லா இடத்துக்கும் போனேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். ரோமுக்காக எடுத்த விடுப்பை ரத்து செய்ய மனமில்லாமல் அம்மாவை இரண்டு நாள் மதுரைக்கு அழைத்துப் போகிறாளாம். அதற்கும் நோட்டில் கட்டம் போட்டுவிட்டாள் என்பது படத்தில் தெரிந்தது. கோபம் தணிந்ததா, அல்லது கோபமே இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழுக்கு நகராட்சிக்குப் போய் நிற்பவள் அவள்தான்.

அந்தச் செய்தி வந்த அன்று மதியம் ரோம் ரயில் நிலையத்தில் வடக்கே போகும் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். இங்கே எந்த நடைமேடை என்பதைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் சொல்வார்கள். எல்லோரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே இருக்கிற பலகையைப் பார்த்தபடி நிற்பார்கள். அக்கா கூப்பிட்டாள். அவளும் அம்மாவும் விருத்தாசலம் ஜங்ஷனில் இருந்தார்கள். சாமான் எல்லாம் எடுத்தாயா, தண்ணீர் வைத்திருக்கிறாயா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனில் அவளுக்குப் பின்னால் ஒலிபெருக்கி பேசியது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மதுரை செல்லும் வண்டி மூன்றாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது. அதே நேரத்தில் என் தலைக்கு மேலும் ஒரு பெண் குரல் இத்தாலி மொழியில் எதையோ சொல்லி முடித்தது. "வண்டி வந்துருச்சு, வெச்சிர்றேன்" என்றாள் அக்கா. நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி வேகமாக நடந்தேன். மூன்றாம் எண் நடைமேடையின் முனையில் நின்ற வண்டியில் ஏறக் காலை வைத்த பிறகுதான் வண்டிக் கதவின் மேல் எழுதியிருந்த ஊரைப் பார்த்தேன். அது தெற்கே வேறு எங்கோ போகிற வண்டி. நான் கேட்டு நடந்தது விருத்தாசலத்து அறிவிப்பை. கதவருகே இருந்த பெரியவர் என் பெட்டியைத் தூக்கிவிடக் கையை நீட்டியபடி நின்றார்.