ராசியான பயோடேட்டா

ஆவடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மூலை மிஷினைப் பிடித்து, கார்பன் வைத்து, என் அத்தை மகனுக்குத் தடதடவென்று பயோடேட்டா அடித்த அந்த மாலையை நினைத்தால் இப்போதும் விரல்கள் பரபரக்கின்றன. எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனி ஆள் எடுக்கிறது என்றதும் எங்கள் தெருவே துள்ளியது. அவனுக்குத்தான் அவசரம் அதிகம். மாமா ரிடையராகப் போகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இவனுக்கு வேலை கிடைத்தால் வாடகைக்கு ஒரு வீடு. இல்லையென்றால் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். முதன்முதலில் வேலைக்குப் போன எதிர்வீட்டு அண்ணனின் பயோடேட்டாவைப் பார்த்துத்தான் எல்லோரும் அடிப்பார்கள். பெயர், பிறந்த தேதி, மார்க் மட்டும் மாறும். பொழுதுபோக்கு எல்லோருக்கும் ஒன்றே: நீச்சல், செஸ், தபால்தலை சேகரிப்பு. ஆனால் இவனோ மிக்ஸி, சைக்கிள், டேபிள் ஃபேன் என்று தெருவில் பழுதான எதையும் பிரித்துப் போட்டு மாட்டாமல் சோறு தின்னாதவன். அதை எழுதலாமே என்றேன். பதறிவிட்டான்.

"வேணாம் மச்சான்! வேல வாங்கிக் குட்த்த பேப்பர் அது. ஒரு எழுத்த மாத்துனாலும் ராசி பூடும்."

இன்டர்வியூ அன்று பஸ்ஸில் நின்றபடியே ஒத்திகை. நான்தான் அதிகாரி. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி ஒப்பிக்க, கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா தொரை, மொதல்ல டிக்கெட் வாங்கு. அப்பால பேசிக்கினு வா."

கம்பெனி கேட்டுக்கு வெளியே நான் நகம் கடித்து நின்றேன். ஓடி வந்தான். வந்த வேகத்தில் நடித்தே காட்டினான்.

"நம்ம தெருப் பசங்க பேப்பரு மூணையும் வரிசையா வெச்சிகினு ஆபீசர் கேக்கறார் மச்சான், 'எல்லாருமே நீச்சலா? ஆவடியில எங்கப்பா கீது அவ்ளோ தண்ணி?'ன்னு!"

"அய்யோ! நீ இன்னா சொன்ன?"

"நெசத்தச் சொல்லிட்டேன். கெணத்த எட்டிப் பாத்தாலே தல சுத்தும் சார், ஊட்ல மிக்ஸி பிரிச்சி மாட்டுவேன்னேன். எப்டி மாட்டுவே, சொல்லுன்னார். ஆரம்பிச்சேன் பாரு, நிறுத்தவே இல்ல. அவரே போதும்பான்னு கையக் காட்டிட்டு, திங்கக்கெழம வேலைக்கு வந்துடுன்னுட்டார்!"

இன்று பூந்தமல்லியில் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கு ரெஸ்யூமே அடித்துக் கொடுக்கிறேன். நான் முதலில் கேட்பது மார்க்கை அல்ல. வீட்டில் சும்மா இருக்கும்போது உன் கை எதைத் தேடிப் போகிறது என்றுதான். அதைக் கேட்டதுமே முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

வேலை கிடைத்த அன்று, திரும்பும் பஸ்ஸில் ஆவடி வரைகூட எங்களுக்குப் பொறுமை இல்லை. திருமுல்லைவாயலில் ஜன்னல் வழியே 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தெரிந்ததும் குதித்து இறங்கிவிட்டோம். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு தம்பி குடி வரப் போறது? என்ன வேல பாக்குற?"

"அம்பத்தூர் எஸ்டேட்ல பம்பு கம்பெனிங்க," என்றான் அவன்.

அந்த அம்மா சாவியை எடுக்க உள்ளே போனார்.