பச்சடிக்கு ஏற்ற ஆப்பிள்

தவிட்டுப் பைக்குள் கையை விட்டு என் கணவர் முதல் ஆப்பிளை எடுத்ததும் அக்கா அடுக்களைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பட்டப்பகல். வெளியே கோழி மேய்கிற சத்தம் கேட்டது. திருட்டு நகையைப் பங்கு போடுகிறவர்களைப் போல நாங்கள் மூன்று பேரும் அந்தச் சிவப்புப் பழத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தவிட்டைத் துடைத்தபோது அது அப்படி மினுங்கியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இன்றைக்குக் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக ஆப்பிளைக் குவித்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் பாதி தின்றுவிட்டுப் பாதியை எறிகின்றன. அவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன தெரியும்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. அவளுடைய கணவர், அதாவது என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார். எங்கள் பக்கத்தில் மூத்தார் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், முகம் பார்த்துப் பேசக் கூடாது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போய் இரண்டு மாம்பழக் காலம் முடிந்திருந்தும் அவர் குரலைக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் எனக்குத் தெரியும். நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு. தோப்பு முழுக்க அவர் பொறுப்பு. என் கணவர் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார். மூத்தாருக்கு வயிற்றில் கட்டி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் காட்டி, இனி வைத்தியமில்லை என்றதும் கூட்டி வந்துவிட்டோம். கஞ்சியும் தங்கவில்லை. ஆப்பிளைத் தோல் சீவி வேகவைத்து மசித்துக் கொடுங்கள், அதுவாவது உள்ளே நிற்கும், கொஞ்ச நாள் தெம்பாக இருப்பார் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஆப்பிள் என்பது சாகப்போகிறவனுக்கு வாங்குகிற பொருள். நல்ல உடம்புக்காரன் அதைத் தின்று யாரும் பார்த்ததில்லை. ஒருவர் படுத்துவிட்டால், “ஆப்பிள் வந்துடுச்சா?” என்றுதான் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வந்துவிட்டது என்றால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். மாமனாருக்கு அப்படித்தான் நடந்ததாம். தலைமாட்டில் ஆப்பிளைப் பார்த்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தண்ணீர்கூடத் தொடவில்லை. அந்த ஆப்பிளை ஓசூர் வரை போய் வாங்கி வந்து வைத்தவரே எங்கள் மூத்தார்தான். இப்போது அவர் கண்ணில் இது பட்டால் அவரும் அப்பனைப் போல வாயை மூடிக்கொள்வார் என்று அக்கா நடுங்கினாள். ஆப்பிள் கொடுக்காவிட்டால் பட்டினியில் போவார், கொடுத்தால் மனசு விட்டுப் போவார். அவள் தலையெழுத்தைப் பாருங்கள்.

பச்சடி என்ற யோசனை அவளுடையதுதான். மாங்காய்ப் பச்சடி என்றால் அவர் ஒரு வட்டில் சாதம் கூடுதலாகச் சாப்பிடுவார். ஆப்பிளை அந்தப் பச்சடியாக ஆக்கிவிட்டால் ஆயிற்று என்றாள். சொல்வது சுலபம். முதலில் வந்த சிவப்புப் பழத்தைத் துண்டு போட்டு வேகவைத்தால், எவ்வளவு எரித்தாலும் துண்டு துண்டாகவே நின்றது. வாசனையும் தெருவைக் கூட்டியது. அடுத்த வாரம் வந்த மஞ்சள் பழம் கொதித்தவுடன் குழைந்தது, ஆனால் ஊறின மாவைப் போலச் சப்பென்று இருந்தது. புளி கரைத்து ஊற்றினோம், கருத்துப் போனது. நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன். “ஆவாது புள்ள, மாந்தோப்புக்காரரு வாயிது” என்று அக்கா சட்டியைக் கவிழ்த்தாள். தோலையும் மிச்சத்தையும் உடனுக்குடன் மாட்டுத் தொட்டியில் போட்டுவிடுவோம். யார் கண்ணிலும் ஒரு சுருள்கூடப் படக் கூடாது. மாட்டுக்கு மட்டும் நல்ல காலம்.

ஓசூரில் பழக்கடை வைத்திருந்த பாயிடம் என் கணவர் கடைசியில் போய், ஆப்பிளை வேகவைக்க வேண்டும், குழைய வேண்டும், புளிக்கவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆப்பிள் வாங்குகிற யாரிடமும் பாய் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, வீட்டில் யாருக்கு உடம்புக்கு என்று. அன்று கேட்கவில்லையாம். பெங்களூர் தண்டு என்கிற பட்டாளத்துப் பக்கத்து ரொட்டிக்கடைக்காரர்கள் கேக்கில் வைக்க வாங்குகிற காய் தனி, சிவப்பு பார்க்கத்தான் அழகு, வேகவைக்கிறதற்கு இதுதான் என்று சொல்லி, கூடையின் அடியிலிருந்து சின்னச் சின்னதாகப் பச்சைக் காய்களைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். கல்லு மாதிரி கெட்டி. கடித்தால் பல் கூசியது. எனக்கோ சந்தேகம். ஆனால் சட்டியில் போட்டுத் தண்ணீர் கொதித்ததும் உலையில் விழுந்த வெல்லம்போலக் கரைந்தது. அக்கா வெல்லம் தட்டிப் போட்டாள், உப்பு ஒரு சிட்டிகை, கடுகு, ஒற்றை மிளகாய். மாங்காய் மணத்துக்குப் பானையிலிருந்த மாங்காய் வற்றல் ஒரு துண்டைக் கூடப் போட்டுக் கொதிக்க வைத்து எடுத்துவிட்டாள். வாயில் வைத்தேன். சத்தியமாக மாங்காய்ப் பச்சடிதான்.

அவர் சாப்பிட்டார். உள்ளே நின்றது. அடுக்களையில் அக்கா என் கையைப் பிடித்து அழுத்திய அழுத்தில் வளையல் நெளிந்துவிட்டது. அப்போதுதான் அவர் கேட்டார், புரட்டாசியில் மாங்காய் ஏது என்று. மாங்காய் மாங்காய் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட எங்களுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தோன்றவே இல்லை, பாருங்கள். சந்தையில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். உறவுக்காரர் கொடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். அக்கா, பாவி மகள், பதற்றத்தில் சொன்னாள், “நம்ம கெணத்து மேட்டு பெங்களூரா மரந்தாங்க. காலந்தப்பி காச்சிருக்குது.” அவர் கையால் நட்ட மாமரம் அது. ஒவ்வொரு கொப்பும் அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு தினமும் அந்த மரத்தைப் பற்றியே பேச்சு. எந்தப் பக்கம் காய்த்திருக்கிறது, கிழக்குக் கொப்பிலா, காய் எவ்வளவு பருமன், பூ எப்போது விட்டது, தான் எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அக்காவும் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்லுவாள். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்தார், கழியை ஊன்றி மாட்டுக்கொட்டகை வரை நடந்தார். ஊரில் யாரும் ஆப்பிள் வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. எனக்கும் ஆசை வந்துவிட்டது. டாக்டர் சொன்னது தப்பாக இருக்கும், கட்டி கரைந்துவிடும் என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்று மேடு ஏறினேன். மரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு தூரம் எப்படித்தான் வந்தாரோ, வேட்டியெல்லாம் புழுதி. ஒரு கையை மரத்தில் ஊன்றி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே என்ன இருக்கிறது? இலைதான். ஒரு பிஞ்சு இல்லை, பூ இல்லை. எனக்கு ஒதுங்கி நிற்கவும் தோன்றவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நேராக என்னிடம் பேசினார்.

“நான் இங்க வந்தத உங்கக்காகிட்ட சொல்லிராதம்மா.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கழியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். தாங்கிப் பிடிக்க எனக்கு முறையில்லை. குடத்தை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். நடக்க நடக்க அழுதேன்.

அன்று மதியம் அக்கா எப்போதும்போல வட்டிலைக் கொண்டுபோய் வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் பச்சடியைத் தொட்டு நாக்கில் வைத்தார். நிதானமாகச் சொன்னார், “நல்ல மரம். இன்னும் ஒரு மாசத்துக்குத் தாங்கும்.” வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அடுக்களைக்கு ஓடி வந்த அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்வேன். கல்யாணப் பெண்ணைப் போல இருந்தாள். அவர் அப்பா செய்ததை அவர் செய்யவில்லை. கடைசி வரை, விழுங்க முடிகிற வரை, அந்தப் பச்சடியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கார்த்திகை பிறந்து சில நாளில் போய்விட்டார்.

அக்கா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமிருந்து பேரன் பேத்திகள் வரை எல்லாரிடமும் அவள் சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டது ஒன்றைத்தான், “எங்க வீட்டுக்காரரு ஆப்பிளையே பாக்காமப் போனாரு.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். ஆமாம் என்பேன். எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. இரண்டு பேரும் தண்ணீர் இறைக்கும்போது, தோப்பில் சருகு கூட்டும்போது, அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து இளைப்பாறும்போது. சொல்லவில்லை. சொல்லி அவளுக்கென்ன மிச்சம் வைக்கப்போகிறேன்?

அவள் படுத்தபோது காலம் மாறியிருந்தது. யார் யாரோ பை பையாக ஆப்பிள் கொண்டுவந்து வைத்தார்கள், அவள் சட்டை செய்யவில்லை. ஒரு சாயங்காலம் நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள், “அங்க போனா அவருகிட்ட சொல்லிரணும் புள்ள, அது மாங்கா இல்லன்னு. இத்தன நாளா மனசுல உறுத்திக்கிட்டே கெடக்குது. திட்டுவாரா?”

“திட்டமாட்டாருக்கா” என்றேன்.